கசக்கிப் பிழிந்த மெஷின்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்று ஓர் ஊர். சுற்றிலும் மக்காச்சோளக் காடு. 1893-இல் எஃப். எல். மேடேக் தன் கூட்டாளிகளோடு அங்கே ஒரு பட்டறை தொடங்கினார். துணிக்கும் அந்தப் பட்டறைக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. கதிரடிக்கும் இயந்திரத்தின் வாயில் பொருத்தும் கருவியை அங்கே செய்தார்கள். கதிர்க்கட்டின் கயிற்றை அறுத்து, கதிரைச் சீராக உள்ளே தள்ளிவிடுவது அதன் வேலை. அறுவடையை ஒட்டிய மாதங்களில் வியாபாரம் சூடாக நடக்கும். மற்ற மாதங்களில் பட்டறை தூங்கும். அந்த வெற்று மாதங்களை நிரப்ப என்ன செய்யலாம் என்று தேடிப் பிடித்ததுதான் வாஷிங் மெஷின். வருஷம் 1907.

முதல் மெஷின் ஒரு மரத்தொட்டி. உள்பக்கச் சுவர் வரிவரியாகச் செதுக்கப்பட்டிருக்கும். மூடியிலிருந்து நாற்காலிக் கால்கள் போல மரக்கட்டைகள் கீழ்நோக்கித் தொங்கும். வெளியே இருக்கும் பிடியைச் சுழற்றினால் அந்தக் கட்டைகள் துணியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்கும். அழுக்கு போகத்தான் செய்தது. ஆனால் போனது தண்ணீரால் என்பதைவிட உராய்வால் என்றுதான் சொல்லவேண்டும். படுக்கை விரிப்பும் முரட்டுக் காக்கியும் அதைத் தாங்கின; மெல்லிய ரவிக்கையும் லேஸ் வைத்த குழந்தைச் சட்டையும் தையல் விட்டன. தொட்டி காய்ந்தால் பலகை விரிசல் விடும். ஈரமாகவே வைத்திருந்தால் ஊறி நாறும். மரச் சிராய் கிளம்பினால் துணி அதில் மாட்டிக் கிழியும்.

1909-இல் வெளியே இருந்து பெல்ட் போட்டு ஓட்டக்கூடிய மெஷின் வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கூலிக்காரப் பெண்’. யாருடைய வேலையை அது பிடுங்கிக்கொண்டது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன விளம்பரம் பிறகு வந்ததாகத் தெரியவில்லை. 1911-இல் மின்மோட்டார் வைத்தார்கள். ஆனால் மின்சாரம் எங்கே இருந்தது? 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றில்தான் மின்சாரம் இருந்தது. ஆகவே சின்னப் பெட்ரோல் இன்ஜின் ஒன்றை மெஷினின் அடியில் பொருத்தி விற்றார்கள். காலால் மிதித்துக் கிளப்பவேண்டும். புகையைக் குழாய் வழியாக வாசலுக்கோ ஜன்னலுக்கோ விடவேண்டும். இன்னும் ஒரு கூத்து உண்டு. துணி பிழியும் பாகத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வெண்ணெய் கடையும் தொட்டியை மாட்டலாம். இறைச்சி அரைக்கும் கருவியை மாட்டலாம். இவற்றை மேடேக் கம்பெனியே தனியாக விற்றது. காலையில் அழுக்குத் துணி, மாலையில் வெண்ணெய்.

நம் கதாநாயகன் உண்மையில் பிறந்தது 1922-இல். ஹோவர்ட் ஸ்னைடர் என்ற கம்பெனி மெக்கானிக், மூடியில் தொங்கிக்கொண்டிருந்த கட்டைகளைத் தூக்கி எறிந்துவிட்டு, தொட்டியின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒரு தண்டை நட்டார். இறக்கைகள் வைத்த அலுமினியத் தண்டு. அரைவட்டம் இப்படி, அரைவட்டம் அப்படி என்று மாறி மாறித் திரும்பும். இதற்குப் பெயர் அஜிடேட்டர். முந்தைய மெஷின் துணியைத் தண்ணீருக்குள் இழுத்தது; இது தண்ணீரைத் துணிக்குள் செலுத்தியது. அதற்கு மூன்று வருஷம் முன்பே தொட்டியை அலுமினியத்தில் ஒரே வார்ப்பாக வார்க்கக் கற்றிருந்தார்கள். விரிசல் இல்லை, சிராய் இல்லை, துருக்கறை இல்லை. தொட்டி வட்டமாக இல்லாமல் மூலை மழுங்கிய சதுரமாக இருந்ததால் தண்ணீர் மூலைகளில் மோதித் திரும்பி நுரைத்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. உழவுச் சாமான் தொழிலைக் கம்பெனி கைவிட்டது. 1927-இல் பத்து லட்சமாவது வாஷிங் மெஷின் நியூட்டனிலிருந்து வெளியே வந்தது.

சரி, அதில் துணி என்ன பாடுபட்டது?

அமெரிக்க வீடுகளில் திங்கட்கிழமை துவைக்கும் நாள். மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு அலசும் தொட்டிகள் நிற்கும். முதலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சீவிய சோப்பு, வெள்ளைத் துணி. அவை முடிந்ததும் அதே தண்ணீரில் வெளிர்நிறத் துணிகள். அப்புறம் கறுப்பு, நீலம். கடைசியில், தண்ணீர் ஆறி, குழம்பு போல ஆன பிறகு, தொழுவத்தில் உடுத்திய கால்சட்டைகள். இந்த வரிசையில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: அதிகச் சூடு தாங்கும் துணிக்குச் சூடான தண்ணீர், சாயம் போகும் துணிக்கு ஆறிய தண்ணீர். ஒரு தொட்டித் தண்ணீரில் ஒரு வீட்டின் வாரத்துணி முழுவதும் முடிந்துவிடும். ஆனால் மெஷின் தானாக நிற்காது. டைமர் கிடையாது. மறந்துபோய் மாட்டுக்குத் தீவனம் போடப் போனால், துணி அரைமணி நேரம் கூடுதலாக அடிபடும். அஜிடேட்டரின் இறக்கை ஒவ்வொரு திருப்பத்திலும் கொஞ்சம் நூலை உருவிக்கொண்டேதான் இருக்கும். பழைய மெஷின் துணியைக் கெடுத்தது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த மறதியையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

சோப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. துவைப்பதற்குத் தண்ணீர், சூடு, சோப்பு, அசைவு நான்கும் வேண்டும். ஒன்று குறைந்தால் மற்றவை ஈடுகட்டவேண்டும். அன்றைய சோப்பு கடினநீரோடு சேர்ந்தால் பிசுக்காகத் திரியும். அந்தப் பிசுக்கு நூலில் ஒட்டிக்கொண்டு வெள்ளைத் துணியைச் சாம்பல் நிறமாக்கும். அதை மறைக்க இரண்டாவது தொட்டியில் நீலம் கரைப்பார்கள், நம் வீடுகளில் போலவே. சோப்பின் பலவீனத்தை அசைவால் ஈடுகட்டியதால்தான் அந்தக் காலத்து மெஷின்கள் அவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தன. 1946-இல் டைட் என்ற செயற்கை டிடர்ஜென்ட் கடைக்கு வந்த பிறகு அந்த முரட்டுத்தனத்துக்கு அவசியம் குறைந்தது. மெஷின்கள் அதைப் புரிந்துகொள்ள இன்னும் பல வருஷம் ஆயிற்று.

துவைத்தபின் பிழியவேண்டும். மேடேக் மெஷினின் தலையில் இரண்டு ரப்பர் உருளைகள், ஒன்றின்மேல் ஒன்று, எதிரெதிராகச் சுழன்றுகொண்டிருக்கும். கரும்புச்சாறு பிழிகிற இயந்திரத்தில் கரும்பைக் கொடுப்பதுபோல் துணியைக் கொடுக்கவேண்டும். மறுபக்கம் தட்டையான, விறைத்த அட்டையாக வந்து விழும். துணிக்கு நேர்ந்த பெரிய சேதம் எல்லாம் இங்கேதான். பொத்தான் குறுக்கே போனால் நொறுங்கும், அல்லது தோட்டா போலத் தெறிக்கும். உலோக ஜிப் வளைந்து பல் கோணிக்கொள்ளும். உருளை அழுத்திய மடிப்பு இஸ்திரிப் பெட்டிக்கும் எளிதில் மசியாது. அதனால் கைதேர்ந்த பெண்கள் சட்டையைக் கொடுக்கும்போது பொத்தான் வரிசையை உள்ளே மடித்து, தட்டையாக வைத்து, மெல்ல நீட்டுவார்கள். அப்படி நீட்டும்போது விரலும் கூடவே போய்விடுவது உண்டு. முழங்கை வரை, சில சமயம் தோள்வரை கை உள்ளே இழுபட்ட குழந்தைகளுக்கு வைத்தியம் செய்து செய்து, அமெரிக்க மருத்துவர்கள் இந்தக் காயத்தைத் தனி வகையாகவே எழுதிவைத்தார்கள். பிறகு வந்த மெஷின்களில் தட்டினால் உருளைகள் சட்டென்று விலகிக்கொள்ளும் பட்டை ஒன்று சேர்ந்தது.

பொத்தானைச் சொன்னோமே, அதற்கு ஒரு கிளைக்கதை. அதே அயோவாவில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், மஸ்கட்டீன் என்ற ஊர் உலகத்தின் முத்துப் பொத்தான் தலைநகராக இருந்தது. ஆற்றுச் சிப்பியின் ஓட்டைத் துளைத்து எடுத்த பொத்தான்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஜான் பெப்ளே 1890-களின் தொடக்கத்தில் ஆரம்பித்துவைத்த தொழில். 1905-இல் அந்த ஊர் 150 கோடி பொத்தான்கள் செய்தது. சிப்பிப் பொத்தானுக்கு அழகு உண்டு, ஆயுள் இல்லை. உருளையில் உடையும்; வெந்நீரிலும் காரமான டிடர்ஜென்ட்டிலும் பளபளப்பு போய் வெளுத்து உரியும். மெஷின்கள் வீட்டுக்கு வீடு வந்தபோது மெஷினைத் தாங்கும் பிளாஸ்டிக் பொத்தானும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருஷங்களில் மஸ்கட்டீன் தொழிற்சாலைகளும் பிளாஸ்டிக்குக்கு மாறின, அல்லது மூடின. ஒரே மாநிலத்தின் ஓர் ஊர்ச் சரக்கு இன்னோர் ஊர்ச் சரக்கைத் தின்றுவிட்டது.

இந்தப் பொத்தான் கதையை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. வாஷிங் மெஷினின் வரலாற்றைப் பொதுவாக ‘மெஷின் மேலும் மேலும் துணியிடம் இதமாக நடந்துகொள்ளக் கற்றது’ என்று எழுதுவார்கள். பாதிதான் உண்மை. பல பத்தாண்டுகள் மெஷின் தன் போக்கில்தான் இருந்தது. துணிதான் மெஷினுக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. பொத்தான் மாறியது. நூல் மாறியது. நெய்தபின் துணியைப் பதப்படுத்தும் முறையே மாறியது.

சுருங்கும் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தறியிலும் ஆலையிலும் இழுத்து நீட்டப்பட்ட பருத்தி நூல், வெந்நீர் பட்டதும் தன் பழைய நீளத்துக்குத் திரும்பும். இதைத்தான் சட்டை சுருங்கிவிட்டது என்கிறோம். நியூயார்க் மாநிலத்தின் டிராய் நகரில் ஆரோ சட்டைகளும் காலர்களும் செய்த கம்பெனியின் சான்ஃபோர்ட் கிளூயட் இதற்கு வழி கண்டார். இழுபட்ட தடித்த ரப்பர் பட்டையின்மேல் ஈரத்துணியைப் படியவிட்டு, ரப்பரைச் சுருங்கவிட்டால், துணியும் அதோடு சேர்ந்து நீளவாக்கில் சுருங்கிவிடும். ஆலையில் வைத்தே சுருங்கவேண்டியதைச் சுருக்கிவிடுவது. 1930-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரிலிருந்து வந்த ‘சான்ஃபரைஸ்டு’ என்ற முத்திரை நம் ஊர் மில் துணிகளின் ஓரத்திலும் வெகுகாலம் அச்சாகியிருந்தது. பழைய ஜவுளிக்கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

டிரையர் வந்தபோதுதான் இந்த முத்திரையின் முழு மதிப்பும் தெரிந்தது. வடக்கு டகோட்டாவின் ஜே. ராஸ் மூர், பனிக்காலத்தில் கொடியில் போட்ட துணி பலகையாக உறைந்துபோவதைப் பார்த்து, ஒரு கொட்டகையில் அடுப்பையும் சுழலும் டிரம்மையும் வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தவர். விஸ்கான்சினின் டூ ரிவர்ஸ் ஊரிலிருந்த ஹாமில்டன் கம்பெனி அவருடைய யோசனையை வாங்கி 1938-இல் டிரையரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அச்சகங்களுக்கு மர எழுத்துச் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. பெயர் ‘ஜூன் டே’, அதாவது வெயில் காயும் ஜூன் மாத நாள். பிரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர், வெறும் தகரப் பெட்டியை யார் வாங்குவார்கள் என்று கேட்டுக் கதவில் கண்ணாடி வைக்கச் சொன்னார். கடைகளில் உள்ளே பளிச்சென்ற உள்ளாடைகளைச் சுழலவிட்டுக் காட்டச் சொன்னதும் அவர்தான்.

ஆரம்பகால டிரையர்கள் துணியை வறுத்தன என்றே சொல்லலாம். நேரத்தை வைத்து ஓடும், ஈரத்தை வைத்து நிற்காது. துணி காய்ந்து முடிந்த பிறகும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். டவல் மொறமொறக்கும், எலாஸ்டிக் விட்டுப்போகும், கம்பளி ஸ்வெட்டர் பொம்மைக்குப் போடும் அளவுக்குக் குறுகும். வடிகட்டியில் சேரும் பஞ்சை எடுத்துப் பார்த்தால் உள்ளபடி அது தூசி அல்ல. உங்கள் சட்டையே கொஞ்சம் கொஞ்சமாக அங்கே வந்து சேர்கிறது. பல வீடுகள் தீப்பிடித்ததற்கும் அந்தப் பஞ்சு காரணமாக இருந்திருக்கிறது. பின்னால் டிரம்மில் இரண்டு உலோகப் பட்டைகளை வைத்தார்கள். ஈரத்துணி இரண்டையும் தொட்டால் அதன் வழியே மெல்லிய மின்சாரம் பாயும். துணி காய்ந்துவிட்டால் பாயாது, மெஷின் நிற்கும். துணியின் சொல்லைக் கேட்டு நின்ற முதல் மெஷின் இதுதான்.

1960-களின் நடுவில் இஸ்திரி போடவேண்டாத துணி வந்தது. பருத்தியோடு பாலியெஸ்டர் கலந்து, ரெசின் பூசி, அடுப்பில் சூடேற்றி மடிப்பை நிரந்தரமாக்கிய துணி. அந்த ரெசின் பருத்தி நூலைப் பலவீனமாக்கும். காலர் மடிப்பும் கைப்பட்டியும் சீக்கிரம் நைந்துபோகும். அதை ஈடுகட்டத்தான் பாலியெஸ்டர் கூடக்கூட வந்தது. பாலியெஸ்டர் சுமார் 70 டிகிரியில் இளகும். அந்தச் சூட்டில் கசங்கிக் கிடந்து ஆறினால் கசங்கலே நிலைத்துவிடும். ஆகவே வாஷரிலும் டிரையரிலும் கடைசியில் மெதுவாக ஆறவிடும் சுற்று ஒன்று சேர்ந்தது. இங்கே துணி, மெஷின் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன.

நம் உருளை மெஷினை வழியில் விட்டுவிட்டோம். 1937-இல் லூயிசியானா மாநிலக் கண்காட்சியில் பெண்டிக்ஸ் கம்பெனி தானியங்கி மெஷினைக் காட்டியபோதே அதற்குக் கெடு வைத்தாயிற்று. வட்டக் கண்ணாடி ஜன்னல் வைத்த அந்த மெஷினில் அஜிடேட்டரே இல்லை; துணி புரண்டு விழுந்தே அழுக்கு நீங்கும். துணிக்கு அது நல்லது. வீட்டுக்கு நல்லதல்ல. அதிர்வைத் தாங்கும் அமைப்பு இல்லாததால் தரையில் போல்ட் போட்டு இறுக்கவேண்டும், இல்லாவிட்டால் நடந்து போய்விடும். அதனாலோ என்னவோ, அமெரிக்கர்கள் அஜிடேட்டர் வைத்த தானியங்கி மெஷினையே விரும்பினார்கள். 1942-இல் போருக்காக மெஷின் உற்பத்தி நின்று, மறுபடி தொடங்கியபோது, 1947-இல் வேர்ல்பூல் கம்பெனியின் முன்னோடி சியர்ஸ் கடைகளுக்காக ஒன்றைச் செய்தது. 1949-இல் மேடேக்கும் தன் தானியங்கியை இறக்கியது. உருளைக்குப் பதில் துளையிட்ட தொட்டி வேகமாகச் சுழன்று தண்ணீரை வெளியேற்றியது. பொத்தான் பிழைத்தது. ஆனால் சட்டைக் கைகள் தண்டைச் சுற்றிப் பின்னிக்கொள்வது புதிய தொல்லையாயிற்று. இந்த மெஷின்கள் ஒரு தடவை துவைக்க 150 லிட்டர் அளவுக்குத் தண்ணீரும் குடித்தன. அன்றைய தானியங்கிகள் நன்றாக அலசின என்று இன்றும் சிலர் உருகுவதன் ரகசியம் அந்தத் தண்ணீர்தான்.

துவைப்பது சுலபமானதும் துவைப்பது கூடிற்று. ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் எழுதிய ‘மோர் ஒர்க் ஃபார் மதர்’ என்ற நூல் இதைத்தான் வாதிடுகிறது: மெஷின் வேலையைக் குறைக்கவில்லை, சுத்தத்தின் அளவுகோலை உயர்த்தி, வெளியே போய்க்கொண்டிருந்த சலவையையும் வீட்டுப் பெண்ணின் தலையிலேயே திரும்பக் கட்டியது. திங்கட்கிழமைக்குக் காத்திருந்த சட்டை ஒவ்வொரு நாளும் மெஷினுக்குள் போனது. துணியின் ஆயுளைக் குறைத்ததில் அஜிடேட்டரைவிட இந்தப் பழக்கத்துக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் மேடேக் உருளை மெஷின் சாகவில்லை. தண்ணீர்க் குழாய் இணைப்பு இல்லாத வீடுகள், பழக்கத்தை விடாத பாட்டிகள் என்று வாங்க ஆள் இருந்துகொண்டே இருந்தது. பழுதே வராத மெஷினுக்கு மெக்கானிக்காக அமர்த்தப்பட்டு வேலையின்றிச் சலித்துப்போன ஒருவரை 1967 முதல் மேடேக் தன் விளம்பரத்தில் நடிக்கவிட்டது. கம்பெனி உருளை மெஷினை நிறுத்தியது 1983-இல்தான். பொதுமின்சாரத்தைத் தவிர்க்கும் அமிஷ் சமூகத்தார் இன்றும் அதைப் பெட்ரோல் இன்ஜினிலும் அழுத்தக் காற்றிலும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பக்கம் வந்தது வேறொரு கிளை. இங்கிலாந்து ஹூவர் கம்பெனியின் சின்ன மெஷினில் தண்டு கிடையாது. தொட்டிச் சுவரில் ஒரு தட்டு சுழலும். அதைப் பார்த்து 1953-இல் ஜப்பானின் சான்யோ தன் மெஷினைச் செய்தது; விலை 28,500 யென், பிழிவதற்குக் கையால் சுற்றும் உருளைகள். பின்னால் உருளை போய் இரட்டைத் தொட்டி வந்தது. 1980-களில் இந்திய வீடுகளுக்குள் நுழைந்த செமி ஆட்டோமேட்டிக் இந்த வம்சம்தான். வெள்ளையை முதலில் போட்டு, அதே சோப்புத் தண்ணீரில் கலர்த்துணியையும், கடைசியில் மிதியடியையும் போடும் நம் வீட்டு வழக்கம், அயோவாவின் திங்கட்கிழமையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

அஜிடேட்டரும் வந்தது. டி.வி.எஸ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து வேர்ல்பூல் புதுச்சேரி அருகே ஆலை அமைத்தது. பிரேசில், மெக்சிகோ, இந்தியா மூன்றுக்கும் பொதுவாக ஒரு எளிய மெஷினை வடிவமைத்தபோது இங்கே ஒரு சிக்கல் எழுந்தது: ஐந்தரை மீட்டர் சேலை. தண்டு இப்படியும் அப்படியும் திரும்பத் திரும்ப, சேலை அதைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொள்ளும். சேலையை வெட்டமுடியாது, தைத்து மாற்றமுடியாது, அமெரிக்கச் சட்டை போல மெஷினுக்கு இணங்கிப்போக அதற்கு வழியே இல்லை. வேறு வழியின்றி இந்தியாவுக்கென்று அஜிடேட்டரைத்தான் மாற்றினார்கள்.

அந்த வேர்ல்பூல் 2006-இல் மேடேக்கை வாங்கியது. அடுத்த வருஷம் நியூட்டன் ஆலையை மூடியது.

அந்தக் காலத்து மெஷின் போல வருமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரும்பு அப்படி வராது, உண்மை. ஆனால் அது துணியிடம் நடந்துகொண்ட விதத்துக்கு யாரும் ஏங்க வேண்டியதில்லை. உருளைக்குப் பயந்து அந்தப் பெண்கள் காட்டிய கவனத்தை மட்டும் நீங்களும் காட்டுங்கள். ஜிப்பை இழுத்து மூடுங்கள், சட்டையை உள்வெளியாகத் திருப்புங்கள், முரட்டு ஜீன்ஸையும் மெல்லிய வாயில் துணியையும் ஒன்றாகப் போடாதீர்கள், பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யுங்கள். பட்டுச் சேலையை மட்டும் எந்த மெஷினை நம்பியும் கொடுக்காதீர்கள்.